நூல் அறுந்தால் தறி நிற்கும். கம்பி அறுந்தால் ரோபாட் நிற்குமா?



வத்திராயிருப்புக்கு அருகே சுந்தரபாண்டியம் என்ற ஊர் இருக்கிறது. நெசவாளர்கள் வாழும் ஊர். அங்கே ஒரு கைத்தறி வீட்டுக்குள் எட்டிப் பாருங்கள். நெசவாளர் குழிக்குள் கால்களை இறக்கி அமர்ந்திருக்கிறார். ஒரு மிதியை அழுத்துகிறார். பாவு நூல்கள் மேலும் கீழுமாகப் பிரிகின்றன. கயிற்றுப் பிடியை வெடுக்கென்று இழுக்கிறார்; நாடா ஊடை நூலுடன் அந்த இடைவெளியில் பாய்கிறது. பலகையை முன்னே இழுத்து அடிக்கிறார், நூல் நெருங்குகிறது. பிறகு அடுத்த மிதி.

இந்தத் தறியை நிறுத்த என்ன செய்ய வேண்டும்? ஒன்றும் செய்ய வேண்டாம்! நெசவாளர் காலையும் கையையும் ஓய்த்தால் தறி தானே ஓய்ந்துவிடும். நூல் அறுந்தால் அவர் கண் உடனே பார்த்துவிடும்.

இப்போது இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டிக்கு வாருங்கள். மருத்துவமனைகளில் காயம் கட்டும் துணிக்குப் பெயர் பெற்ற ஊர் அது. இங்கே விசைத்தறிகள் ஓடுகின்றன. தறியை ஓட்டுவது மின்மோட்டார். ஒரே தொழிலாளி பல தறிகளைக் கவனிக்கிறார். அவர் ஒரு தறியில் நூல் முடிந்துகொண்டிருக்கும்போது, முதுகுக்குப் பின்னால் இன்னொரு தறியில் ஊடை அறுந்தால்? மோட்டாருக்குக் கண் இல்லை. வெறும் நாடாவை அது அடித்துக்கொண்டே இருக்குமே!

அப்படி நடப்பதில்லை. சாதாரண விசைத்தறியின் ஓரத்தில் முள்கரண்டி போன்ற ஒரு சிறு கம்பி இருக்கிறது. ஊடை நூல் குறுக்கே வந்திருந்தால், அந்த நூல் முள்களைத் தள்ளும். கரண்டியின் வால் மேலே எழும்பும். பின்னால் வரும் சுத்தியல் போன்ற உறுப்பின் பிடியிலிருந்து வால் தப்பிக்கும். தறி தொடர்ந்து ஓடும். நூல் இல்லாவிட்டால் முள்களைத் தள்ள ஆளில்லை, வால் தாழ்ந்தே இருக்கும், சுத்தியல் அதைக் கவ்வி இழுக்கும், ஓட்டும் கைப்பிடி தட்டப்படும், தறி நிற்கும்.

இதில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. "நூல் அறுந்துவிட்டது" என்று யாரும் செய்தி அனுப்பவில்லை. "நூல் இருக்கிறது" என்ற செய்தி வரவில்லை, அவ்வளவுதான். செய்தி வராததையே "நில்" என்னும் கட்டளையாகத் தறி எடுத்துக்கொண்டது.

இந்த ஒரு கருத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ரோபாட் ஒன்றை இயக்குவதற்கு உங்கள் கையாலேயே ஒரு பொத்தான் பெட்டி செய்வது எப்படி என்று இனிக் காண்போம். கடைசியில் இதே முள்கரண்டியிடம் திரும்பி வருவோம்.

இயக்கு மேசை

மாணவர்களுக்கான ரோபாட் போட்டிகளில் பெயர் பெற்றது, அமெரிக்காவில் டீன் கேமன் என்பவர் 1989-இல் தொடங்கிய ஃபர்ஸ்ட் என்னும் அமைப்பு நடத்தும் போட்டி. 1992-இல் நடந்த முதல் போட்டியில் 28 அணிகள் கலந்துகொண்டன. இன்று பல நாட்டு மாணவர்கள் பங்கு பெறுகிறார்கள். நம் நாட்டிலோ 2016-இல் தொடங்கிய அடல் புத்தாக்க இயக்கத்தின் மூலம் ஆயிரக்கணக்கான பள்ளிகளில், 6 முதல் 12 வரையுள்ள வகுப்பு மாணவர்களுக்காக ஆய்வுக்கூடங்கள் அமைந்துள்ளன. மைக்ரோகண்ட்ரோலர் பலகை, மோட்டார், உணர்வி ஆகியவற்றை அங்கே மாணவர்கள் கையாளுகிறார்கள். ஆகவே இது எட்டாத சங்கதி அல்ல.

ஃபர்ஸ்ட் போட்டியின் பெரிய ரோபாட்டுகள் 50 கிலோவுக்கு மேல் எடையுள்ளவை. 12 வோல்ட் பாட்டரியில் ஓடுபவை. ஓர் ஆட்டம் சுமார் இரண்டரை நிமிடம். மாணவர்கள் களத்துக்கு வெளியே, தடுப்புக்குப் பின்னால், ஒரு மேசை முன் நிற்பார்கள். மேசையில் ஒரு மடிக்கணிப்பொறி. அதில் டிரைவர் ஸ்டேஷன் என்ற மென்பொருள். அதனுடன் ஜாய்ஸ்டிக் முதலிய கருவிகள் இணைந்திருக்கும்.

உங்கள் விரலின் கட்டளை ரோபாட்டை அடையும் வழியைப் பாருங்கள்:

விரல் — பொத்தான் — பெட்டிக்குள் உள்ள பலகை — யூ.எஸ்.பி. கம்பி — மடிக்கணிப்பொறி — வானொலி அலை — ரோபாட்டின் கணிப்பொறி — மோட்டார்.

கைத்தறியில் காலுக்கும் மிதிக்கும் நடுவே ஒன்றும் இல்லை. இங்கே விரலுக்கும் மோட்டாருக்கும் நடுவே ஆறு கண்ணிகள். எந்தக் கண்ணியும் அறுந்து போகலாம். நாம் செய்யப் போகும் பெட்டி இந்தச் சங்கிலியின் முதல் பகுதி.

கடையில் கிடைப்பது போதாதா?

போதும்; பல அணிகளுக்கு அதுவே போதும். ஆனால் விளையாட்டுக் கைப்பிடிகள் விளையாட்டுக்காகச் செய்யப்பட்டவை. உங்கள் ரோபாட்டின் கை மூன்று உயரங்களில் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியில் அதற்கு ஒதுக்கிய மூன்று பொத்தான்களும் ஒரே வட்டத்தில் இருந்தால், அவசரத்தில் எது மேல், எது கீழ் என்று கை தடுமாறும். நீங்களே செய்த பெட்டியிலோ மூன்று பொத்தான்களையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைக்கலாம். மேல் பொத்தான் மேல் தட்டுக்கு. கீழ்ப் பொத்தான் கீழ்த் தட்டுக்கு. கண்ணால் பார்க்காமலே விரல் பழகிவிடும். விரல்களை எளிதில் அசைக்க முடியாத ஒரு நண்பர் அணியில் இருந்தால், உள்ளங்கை அகலத்துக்குப் பொத்தான் வைக்கலாம்.

ஒன்றை மறக்காதீர்கள்: எல்லாப் போட்டிகளும் சொந்தப் பெட்டியை அனுமதிப்பதில்லை. சிலவற்றில் குறிப்பிட்ட கைப்பிடிகள் மட்டுமே செல்லும். பற்றவைக்கும் கோலைச் சூடாக்குவதற்கு முன் விதிப் புத்தகத்தைப் படித்துவிடுங்கள்.

பொத்தான் பேசும் மொழி

பொத்தான் என்பது என்ன? இரண்டு உலோகத் துண்டுகள் தொடுகின்றன அல்லது விலகுகின்றன. தொட்டால் மின்சுற்று மூடுகிறது, விலகினால் திறக்கிறது. பலகையின் ஒரு காலில் உள்ள மின்னழுத்தத்தைப் பார்த்து மைக்ரோகண்ட்ரோலர் 1 அல்லது 0 என்று முடிவு செய்கிறது. ஏறத்தாழ 5 வோல்ட் இருந்தால் 1. ஏறத்தாழ பூஜ்யம் இருந்தால் 0.

பொத்தானின் ஒரு முனையைப் பலகையின் காலிலும், மறு முனையைத் தரைக் கம்பியிலும் இணையுங்கள். அழுத்தினால் கால் தரையுடன் சேர்ந்து 0 ஆகிவிடும். சரி, அழுத்தாதபோது? "1 ஆகும்" என்று சொல்லத் தோன்றும். தவறு! அப்போது அந்தக் கால் எதனுடனும் சேராமல் அந்தரத்தில் தொங்குகிறது. பக்கத்தில் உள்ள கம்பியின் சலசலப்பு, உங்கள் கை, அறையிலுள்ள மின்விசிறி ஆகிய எதுவும் அதை 1 என்றும் 0 என்றும் மாற்றி மாற்றிக் காட்டும்.

இதற்கு மருந்து, காலை 5 வோல்ட்டுடன் ஒரு பெரிய மின்தடை வழியாக இணைப்பது. மேலிழுக்கும் மின்தடை என்று இதற்குப் பெயர். நாம் பயன்படுத்தப் போகும் பலகையின் சில்லுக்குள்ளேயே 20 முதல் 50 கிலோ ஓம் வரையுள்ள இத்தகைய மின்தடை இருக்கிறது. நிரலில் ஓர் ஆணை கொடுத்தால் போதும். பொத்தானை அழுத்தும்போது இதன் வழியே எவ்வளவு மின்னோட்டம் செல்லும்? ஓமின் விதிப்படி 5 வோல்ட்டை 20,000 ஓமால் வகுத்தால் 0.25 மில்லி ஆம்பியர். 50,000 ஓமால் வகுத்தால் 0.1 மில்லி ஆம்பியர். மிகச் சிறிய அளவு. பொத்தானுக்கும் பலகைக்கும் ஒரு கேடும் இல்லை.

ஆக, இந்த முறையில் அழுத்தினால் 0, விட்டால் 1. வழக்கத்துக்குத் தலைகீழாக இருக்கிறதல்லவா? நிரலில் திருப்பிக்கொள்ளலாம்.

துள்ளும் பொத்தான்

தரையில் விழுந்த பந்து ஒரே துள்ளலில் நிற்பதில்லை. பொத்தானுக்குள் மோதும் உலோகத் துண்டும் அப்படித்தான். நீங்கள் ஒருமுறை அழுத்தினாலும் அது சில மில்லி விநாடிகளுக்குள் பலமுறை தொட்டுத் தொட்டு விலகும். நம் கண்ணுக்குத் தெரியாது; மைக்ரோகண்ட்ரோலருக்கு நன்றாகத் தெரியும். "ஓர் அழுத்தத்தில் இடுக்கி திற, மறு அழுத்தத்தில் மூடு" என்று எழுதியிருந்தால், ஒரே அழுத்தத்தில் இடுக்கி திறந்து மூடித் திறக்கும்!

மருந்து பொறுமைதான். நிலை மாறியதும் நம்பிவிடாமல், அந்தப் புதிய நிலை 5 மில்லி விநாடியேனும் மாறாமல் நிற்கிறதா என்று நிரல் பார்க்க வேண்டும். நின்றால் மட்டும் ஏற்க வேண்டும். டிரைவர் ஸ்டேஷன் ரோபாட்டுக்கு 20 மில்லி விநாடிக்கு ஒருமுறை, அதாவது விநாடிக்கு 50 முறை செய்தி அனுப்புகிறது. அந்த வேகத்துக்கு முன் 5 மில்லி விநாடி தாமதம் பெரிதல்ல.

திருகும் அளவும்

பொத்தான் "உண்டு", "இல்லை" என்ற இரண்டே சொற்கள் அறிந்தது. "பாதி வேகம்" என்று சொல்ல வேண்டுமானால் திருகு வேண்டும். பழைய ரேடியோப் பெட்டியில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகை நினைத்துக்கொள்ளுங்கள். 10 கிலோ ஓம் திருகு ஒன்றின் இரு ஓர முனைகளையும் 5 வோல்ட்டிலும் தரையிலும் இணைத்தால், நடு முனையில் திருகலுக்கு ஏற்ற மின்னழுத்தம் கிடைக்கும். பலகை அதை 0 முதல் 1023 வரையுள்ள எண்ணாக மாற்றும். ஏன் 1023? அது பத்து இரும இலக்கங்களால் அளக்கிறது. 2-ஐ பத்து முறை பெருக்கினால் 1024. பூஜ்யத்திலிருந்து எண்ணுவதால் கடைசி எண் 1023.

ரோபாட் நிரலில் இந்த அளவு –1 முதல் +1 வரை என்று காட்டப்படும். கிடைத்த எண்ணிலிருந்து 512-ஐக் கழித்து, 512-ஆல் வகுங்கள். 768 கிடைத்தால் 256-ஐ 512-ஆல் வகுக்க +0.5; அதாவது முன்னோக்கிப் பாதி வேகம். 256 கிடைத்தால் –0.5, பின்னோக்கிப் பாதி வேகம்.

ஆனால் திருகு நடுவில் நிற்கும்போது சரியாக 512 கிடைக்காது. 509, 514 என்று நடுங்கும். ரோபாட் நின்ற இடத்தில் முனகிக்கொண்டே இருக்கும். எனவே –0.05-க்கும் +0.05-க்கும் இடைப்பட்டதை எல்லாம் பூஜ்யம் என்று கொள்ளும்படி நிரலில் எழுதிவிடுங்கள்.

பாவும் ஊடையும் போல

பதினாறு பொத்தான்கள் வைக்க ஆசை. பொத்தானுக்கு ஒரு கால் என்றால் பதினாறு கால்கள் தேவை. சிக்கனமான வழி ஒன்று உண்டு. அதைச் சுந்தரபாண்டியத்து மாணவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நான்கு கம்பிகளைப் பாவு போல நெடுக்காகவும், நான்கு கம்பிகளை ஊடை போலக் குறுக்காகவும் போடுங்கள். அவை சந்திக்கும் இடங்கள் 4 × 4 = 16. ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு பொத்தான். கம்பிகளோ எட்டே எட்டு!

மைக்ரோகண்ட்ரோலர் முதல் ஊடைக் கம்பியை மட்டும் தரைக்கு இறக்கி, நான்கு பாவுக் கம்பிகளையும் படிக்கிறது. எது 0 காட்டுகிறதோ அந்தச் சந்திப்பின் பொத்தான் அழுத்தப்பட்டிருக்கிறது. பிறகு இரண்டாம் ஊடை, மூன்றாம் ஊடை என்று சுற்றி வருகிறது. கணிப்பொறியின் விசைப்பலகைக்குள்ளும் இதே ஏற்பாடுதான்.

இதில் ஒரு பேய் உண்டு! ஒரு சதுரத்தின் மூன்று மூலைகளில் உள்ள பொத்தான்களைச் சேர்த்து அழுத்திப் பாருங்கள். நான்காவது மூலையும் அழுத்தப்பட்டதாகப் பலகை சொல்லும். மின்னோட்டம் மற்ற மூன்று பொத்தான்கள் வழியே சுற்றி வந்து பொய்ச் சாட்சி சொல்கிறது. அந்தச் சுற்றுவழியில் ஏதாவது ஒரு பொத்தானை அது எதிர்த் திசையில் கடந்தாக வேண்டும். ஆகவே ஒவ்வொரு பொத்தானுடனும், ஒரே திசையில் மட்டும் மின்னோட்டத்தை விடும் டையோடு ஒன்றைச் சேர்த்தால் பேய் ஓடிவிடும்.

கணிப்பொறியிடம் அறிமுகம்

பெட்டி தயார். கணிப்பொறிக்கு அது யார் என்று தெரிய வேண்டுமே. யூ.எஸ்.பி. கருவி ஒவ்வொன்றும் செருகியவுடன் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறது: "நான் விசைப்பலகை", "நான் சுட்டி", "நான் ஜாய்ஸ்டிக், என்னிடம் 16 பொத்தான்களும் 2 திருகுகளும் உள்ளன" என்றெல்லாம். இந்த மூன்று வகைகளும் மனிதர் கையாளும் கருவிகள் என்ற ஒரே பொது வகுப்பில் அடங்கும். இவற்றுக்குத் தனி மென்பொருள் எதையும் நிறுவ வேண்டியதில்லை.

எனவே நம் பெட்டியும் "நான் ஜாய்ஸ்டிக்" என்று சொல்லத் தெரிந்ததாக இருக்க வேண்டும். பள்ளிகளில் பெரிதும் காணப்படும் அர்டுயினோ உனோ பலகை இதற்கு நேரடியாக உதவாது. அதன் முக்கியச் சில்லுக்கு யூ.எஸ்.பி. பேசத் தெரியாது, பக்கத்தில் உள்ள இன்னொரு சில்லு மொழிபெயர்க்கிறது. லியோனார்டோ என்ற பலகையில் முக்கியச் சில்லே யூ.எஸ்.பி. பேசும். அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இன்னொரு வழியும் உண்டு. குப்பையில் போட்ட பழைய விளையாட்டுக் கைப்பிடியின் பலகையை எடுத்து, அதன் பொத்தான் இடங்களிலிருந்து கம்பி இழுத்து உங்கள் பெரிய பொத்தான்களில் பற்றவையுங்கள். நிரலே எழுத வேண்டாம்!

இங்கே மாணவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் இரண்டு. முதலாவது, எண்ணிக்கை. ரோபாட் நிரலில் பொத்தான்களை 1-இலிருந்து எண்ணுகிறார்கள். திருகு அச்சுகளை 0-இலிருந்து எண்ணுகிறார்கள். ஒன்று தவறினால் கை ஏற வேண்டிய இடத்தில் இடுக்கி திறக்கும்.

இரண்டாவது, வரிசை. ஃபர்ஸ்ட் போட்டியில் 2015-இல் ரோபோரியோ என்ற கட்டுப்பாட்டுக் கருவி வந்தது. அதனுடன் பயன்பட்ட டிரைவர் ஸ்டேஷனில் ஆறு கருவிகளுக்கு இடம் உண்டு. கம்பிகளைக் கழற்றி மாட்டும்போதோ, கணிப்பொறியை மறுபடி தொடங்கும்போதோ அந்த வரிசை மாறிவிடக்கூடும். ஓட்டுநரின் ஜாய்ஸ்டிக் இரண்டாம் இடத்துக்கும் பெட்டி முதல் இடத்துக்கும் போய்விட்டால்? வண்டி முன்னே போக வேண்டிய நேரத்தில் கை சுழலும்! ஆகவே வரிசையை மென்பொருளில் பூட்டி வையுங்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன் ஒரு பொத்தானை அழுத்தி, திரையில் உரிய விளக்கு எரிகிறதா என்று பாருங்கள்.

அறுந்த கம்பி என்ன சொல்கிறது?

இப்போது முக்கியமான கேள்விக்கு வந்துவிட்டோம். பெட்டியில் சிவப்பாக ஒரு "நில்" பொத்தான் வைக்கிறீர்கள். எப்படி இணைப்பீர்கள்?

முதல் முறை: அழுத்தினால் சுற்று மூடும் பொத்தான். எலக்ட்ரீஷியன்கள் இதை என்.ஓ. என்பார்கள். அழுத்தினால் பலகைக்கு 0 கிடைக்கும்; ரோபாட்டுக்கு "நில்" என்ற செய்தி போகும். சோதித்துப் பார்த்தால் சரியாகவே வேலை செய்யும். ஆனால் பெட்டியைத் தூக்கி வரும்போது உள்ளே அந்தக் கம்பி பற்றவைப்பு விட்டுப்போனது என்று கொள்வோம். வெளியே ஒன்றும் தெரியாது. ஆபத்து வேளையில் அழுத்துகிறீர்கள். ஒன்றும் நடக்காது. 50 கிலோ இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

இரண்டாம் முறை: அழுத்தாதபோது சுற்று மூடியிருக்கும் பொத்தான். இது என்.சி. வகை. சாதாரண வேளையில் கால் தரையுடன் சேர்ந்து 0 காட்டும். அழுத்தினால் சுற்று திறந்து, மேலிழுக்கும் மின்தடை அதை 1 ஆக்கும்; அப்போது "நில்". கம்பி அறுந்தாலும் இதே 1, அப்போதும் "நில்"! முள்கரண்டி செய்த வேலையை இப்போது ஒரு கம்பி செய்கிறது. கம்பி அறுந்தது ஆட்டத்துக்கு முன்பே தெரிந்துவிடும், ஏனெனில் ரோபாட் கிளம்பவே கிளம்பாது.

"அப்பாடா, முடிந்தது" என்று எண்ணாதீர்கள். இன்னும் ஒரு கம்பி இருக்கிறது. பெட்டிக்கும் கணிப்பொறிக்கும் இடையே உள்ள யூ.எஸ்.பி. கம்பியை யாரோ காலால் தட்டிக் கழற்றிவிட்டார்கள். இப்போது என்ன ஆகும்?

மடிக்கணிப்பொறிக்கும் ரோபாட்டுக்கும் இடையே உள்ள வானொலித் தொடர்பு அறுந்தால் கவலையில்லை. செய்தி வருவது நின்றுபோனால் ரோபாட் தன் மோட்டார்களைத் தானே முடக்கிவிடும். அமைப்பைச் செய்தவர்கள் அங்கே ஒரு முள்கரண்டி வைத்துவிட்டார்கள். ஆனால் உங்கள் பெட்டி கழன்றாலும் மடிக்கணிப்பொறி தன் பாட்டுக்கு விநாடிக்கு 50 செய்திகள் அனுப்பிக்கொண்டே இருக்கும். கழன்ற கருவியின் பொத்தான்கள் எல்லாம் "அழுத்தப்படவில்லை" என்றும், அச்சுகள் எல்லாம் பூஜ்யம் என்றும் ரோபாட் நிரல் படிக்கும். உங்கள் பெட்டி "நில்" என்பதை "பொத்தான் 1 அழுத்தப்பட்டது" என்று அனுப்புவதாக இருந்தால், கழன்ற பெட்டியால் "நில்" என்று சொல்லவே முடியாது. உள்ளே என்.சி. பொத்தான் வைத்தும் பயனில்லை.

ஆகவே செய்தியைத் திருப்பிப் போடுங்கள். "நில்" என்று அனுப்பாதீர்கள். "ஓடலாம்" என்று அனுப்புங்கள். சுற்று மூடியிருக்கும் வரை பெட்டி, பொத்தான் 1 அழுத்தப்பட்டிருப்பதாகத் தொடர்ந்து சொல்லட்டும். அந்தச் செய்தி இருந்தால் மட்டுமே ரோபாட் நிரல் மோட்டாருக்கு வேகம் கொடுக்கட்டும். இப்போது சிவப்புப் பொத்தானை அழுத்தினாலும், உள்ளே கம்பி விட்டாலும், யூ.எஸ்.பி. கழன்றாலும், எல்லாவற்றுக்கும் ஒரே விளைவு: "ஓடலாம்" என்ற செய்தி இல்லை, ரோபாட் நிற்கும்.

திருகிலும் இந்தப் பொறி இருக்கிறது. சில ஜாய்ஸ்டிக்குகளில் உள்ள வேகத் தண்டு ஒரு கோடியில் –1, மறு கோடியில் +1 காட்டும். –1 என்றால் நிறுத்தம், +1 என்றால் முழு வேகம் என்று ஒருவர் நிரல் எழுதினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பி கழன்றால் அச்சு பூஜ்யம். பூஜ்யம் இந்த ஏற்பாட்டில் எது? பாதி வேகம்! தொடர்பு அறுந்த வண்டி பாதி வேகத்தில் ஓடும். எனவே பூஜ்யம் எப்போதும் "சும்மா இரு" என்றே பொருள்படும்படி எழுதுங்கள்.

இவ்வளவு செய்தாலும் உங்கள் பெட்டி அதிகாரபூர்வமான நிறுத்தத்துக்கு மாற்று ஆகாது. போட்டிக் களத்தில் ஒவ்வோர் இயக்கு மேசையிலும் அவசர நிறுத்தப் பொத்தான் தரப்படுகிறது. டிரைவர் ஸ்டேஷன் மென்பொருளில் என்டர் விசை ரோபாட்டை முடக்கும். இடைவெளி விசை அவசர நிறுத்தம் செய்யும். அவசர நிறுத்தத்துக்குப் பிறகு ரோபாட்டை மறுபடி தொடங்கினால்தான் இயங்கும். ரோபாட்டின் உடலிலேயே பாட்டரியைத் துண்டிக்கும் 120 ஆம்பியர் பிரேக்கர் உண்டு. கடைசிக் காவல் அதுதான். அணியில் எல்லோருக்கும் அது இருக்கும் இடம் தெரிந்திருக்க வேண்டும்.

செய்து பாருங்கள்

கணிப்பொறியும் பலகையும் இல்லாதவர்கள் வருந்த வேண்டாம். இரண்டு டார்ச் செல்கள், ஒரு டார்ச் பல்பு, கொஞ்சம் கம்பி, இரண்டு தகரத் துண்டுகள் போதும்.

முதலில் ஏற்பாடு அ: தகரத் துண்டுகள் விலகியிருக்கட்டும். அழுத்தினால் அவை தொட்டு விளக்கு எரியும். எரியும் விளக்குக்கு "நில்" என்று பொருள்.

அடுத்து ஏற்பாடு ஆ: தகரத் துண்டுகள் தானாகத் தொட்டபடி இருக்கட்டும். விளக்கு எப்போதும் எரியும். துண்டுகளை விலக்கினால் அணையும். எரியும் விளக்குக்கு "ஓடலாம்" என்றும், அணைந்த விளக்குக்கு "நில்" என்றும் பொருள்.

இப்போது ஒரு நண்பரை விளக்கை மட்டும் பார்க்கச் சொல்லிவிட்டு, அவருக்குத் தெரியாமல் கம்பியின் ஓரிடத்தைக் கழற்றிவிடுங்கள். எந்த ஏற்பாட்டில் அவர் உடனே கண்டுபிடித்தார்? பிறகு செல்லையும், பல்பையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். ஏற்பாடு ஆ-வில் எதைக் கழற்றினாலும் "நில்" என்றே வருவதைக் காண்பீர்கள். இதற்கு ஒரு விலையும் உண்டு: விளக்கு எப்போதும் எரிவதால் செல் விரைவில் தீரும். தீர்ந்தாலும் "நில்" தான்!

பெட்டி செய்பவர்களுக்கு: ரோபாட்டின் சக்கரங்கள் தரையில் படாதபடி கட்டைகள் மேல் ஏற்றிவிட்டு, ஒரு தாளில் ஐந்து வரிசைகள் எழுதுங்கள். நில் பொத்தானை அழுத்துதல், பொத்தான் கம்பியைக் கழற்றுதல், யூ.எஸ்.பி. கம்பியை உருவுதல்; மடிக்கணிப்பொறியின் வானொலித் தொடர்பை நிறுத்துதல்; பெட்டியைக் கழற்றி மாட்டி வரிசை மாறுகிறதா எனப் பார்த்தல். முதல் நான்கிலும் மோட்டார் நின்றதா என்று எதிரே குறியுங்கள். ஐந்தாவதில் ஒவ்வொரு கருவியும் தன் பழைய இடத்திலேயே இருக்கிறதா என்று குறியுங்கள். ஒன்றில் தவறினாலும் பெட்டி இன்னும் முடியவில்லை.

யோசித்துப் பாருங்கள்

1. 5 × 5 பாவு–ஊடை அமைப்பில் எத்தனை பொத்தான்கள் வைக்கலாம்? கம்பிகள் எத்தனை?

2. திருகு எண் 640 காட்டினால் ரோபாட் நிரலில் அது எவ்வளவு?

3. யூ.எஸ்.பி. கம்பி கழன்று நின்ற ரோபாட், கம்பியை மறுபடி செருகியவுடன் தானாகக் கிளம்பலாமா? கூடாது என்றால் நிரலில் என்ன சேர்க்க வேண்டும்? (நின்ற விசைத்தறி எப்படி மறுபடி ஓடுகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். நூலை முடிந்தவுடன் அது தானாக ஓடுவதில்லை; தொழிலாளி வந்து கைப்பிடியைத் தள்ள வேண்டும்.)

4. உங்கள் வீட்டிலும் ஊரிலும் உள்ள இயந்திரங்களில், கம்பி அறுந்தால் நிற்பவை எவை? கம்பி அறுந்தால் நிறுத்த முடியாமல் போகிறவை எவை?

மூன்றாம் கேள்விக்கு விடை கண்டவர்கள் அதை நிரலில் எழுதிச் சோதித்த பிறகே ரோபாட்டைத் தரையில் இறக்குங்கள்.